இருளைக் காப்பதே முதல் ஆயத்தம்

மழைக்காலம் ஓய்ந்ததும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் வானியல் மன்றங்கள் கடற்கரைப் பயணங்களுக்குத் திட்டமிடத் தொடங்குகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றி வருகிறது: தொலைநோக்கி, முக்காலி, தரைவிரிப்பு, போர்வை, தண்ணீர், கொசுவத்தி, டார்ச் விளக்கு, பவர் பேங்க். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், விண்மீன்களைக் காண வேண்டிய இருள் அந்தக் கடற்கரையில் மட்டும் எப்படி எஞ்சியிருக்கிறது, அதைக் காத்து வைத்திருப்பவர்கள் யார், ஓர் இரவு வந்து போகிறவர்கள் அதற்கு என்ன செய்துவிட்டுப் போகிறார்கள் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கடற்கரையில் வானம் பார்ப்பதற்கான ஆயத்தம் இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ருஷிகுல்யா ஆறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி நீண்ட மணற்கரை கிடக்கிறது. பிரம்மபூரிலிருந்து சாலை வழியாக எளிதில் சென்றடையக்கூடிய தொலைவுதான். பிரம்மபூரில் பல்கலைக்கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இருப்பதால் இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. வானம் பார்ப்பவருக்கு இந்தக் கரையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒடிசாவின் தென்பகுதிக் கடற்கரை ஏறத்தாழத் தென்கிழக்கை நோக்கி அமைந்தது. பால்வீதியின் நடுப்பகுதி அடங்கிய தனுசு மண்டலமும் இந்த அகலாங்கில் ஏறக்குறைய அதே திசையில்தான் உதிக்கிறது. பிப்ரவரி நடுவில் அது விடியலுக்கு முன், மூன்று மணியையொட்டி, கடலுக்கு மேலாக எழுகிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவுக்குச் சற்று முன்பே எழுந்துவிடுகிறது. எதிரில் கட்டடமோ மலையோ இல்லை. நீரிலிருந்து நேராக எழும் பால்வீதியைப் படம்பிடிக்க விரும்பும் எவருக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் கிழக்குக் கரையில் அரிது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அதே கரை, அதே மாதங்களில், ஆலிவ் ரிட்லி ஆமைகளின் பேறுகால இல்லம். தமிழ்நாட்டுக் கரையில் பங்குனி ஆமை என்று அறியப்படும் இனம் இதுவே. ருஷிகுல்யாவில் இவை பெருங்கூட்டமாகக் கரையேறி முட்டையிடுவதை 1994இல் விபாஷ் பாண்டவ் என்ற உயிரியலாளர் ஆவணப்படுத்திய பிறகே அந்தக் கரை அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் சில நாள்களுக்குள் இலட்சக்கணக்கான ஆமைகள் வந்து முட்டையிட்டுத் திரும்புகின்றன. சில ஆண்டுகளில் கூட்டமாக வருவதே இல்லை. வரும் ஆண்டுகளில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகின்றன. ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்துக் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு இரவில் வெளிவருகின்றன.

பால்வீதியின் நடுப்பகுதி இந்திய வானில் தெளிவாகத் தெரியும் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மோதல் தற்செயலானது அல்ல என்பது விளங்கும். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை இரவின் ஏதோ ஒரு பகுதியில் அது வானில் இருக்கிறது. அவற்றுள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைப் பருவமழை மேகங்கள் விழுங்கிவிடுகின்றன. எஞ்சுபவை முதன்மையாகப் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்கள். ஆமைகள் முட்டையிடுவதும் குஞ்சுகள் கடல் சேர்வதும் இதே மாதங்களில்தான். ஆகவே, ஒளிப்படத்துக்காகக் கடற்கரையைத் தேடுவோரின் பருவமும் ஆமைகளின் பருவமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே: விளக்கில்லாத கரை.

ஆமைக் குஞ்சுக்கு இருள் உயிர்ப் பிரச்சினை. மணலிலிருந்து வெளிவந்ததும் அது தாழ்வான, ஒப்பளவில் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊர்கிறது. செயற்கை விளக்கில்லாத கரையில் அந்த அடிவானம் கடல்தான். நிலப்பக்கம் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் உயர்ந்து கருத்திருக்க, கடற்பக்கம் விண்மீன் ஒளியையும் நிலவொளியையும் வாங்கிச் சற்றே வெளுத்திருக்கும். பல இலட்சம் ஆண்டுகளாகப் பிழைக்காத இந்த வழிகாட்டி, நிலப்பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் பிழைத்துப்போகிறது. குஞ்சுகள் ஊரை நோக்கியும் சாலையை நோக்கியும் ஊர்ந்து, விடிந்ததும் வெயிலில் காய்ந்தோ நாய்க்கும் பறவைக்கும் இரையாகியோ மடிகின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் கரையில் விளக்கைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். கைப்பேசி விளக்கு ஒன்றும், ஒளிப்படக் கருவியின் மின்வெட்டு ஒன்றும் இதற்குப் போதும்.

இந்தக் கரையில் இருள் எஞ்சியிருப்பது இயற்கையின் கொடை மட்டுமன்று. அருகே தேசிய நெடுஞ்சாலை 16 ஓடுகிறது. நகரமும் தொழிற்கூடங்களும் உள்ளன. தெற்கே கோபால்பூர் சுற்றுலாத் தலமாகவும் துறைமுகமாகவும் வளர்ந்திருக்கிறது. இவற்றுக்கிடையே இருளைக் காப்பவர்கள் புருணாபந்தா, கோகர்குடா போன்ற ஊர்களின் மக்கள். இப்பகுதி மீனவர்களுள் பலர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நோலியர்கள். குஞ்சு பொரிக்கும் நாள்களில் ஊர் இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து, திசைமாறிய குஞ்சுகளை வாளிகளில் சேகரித்துக் கடலருகே விடுகிறார்கள். இவர்கள் இழப்பது தூக்கம் மட்டுமன்று. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மே 31 வரை தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கடலில் மீன்பிடிக்கத் தடை உண்டு. ஏழு மாதத் தடையின் பொருளாதாரச் சுமையைத் தாங்குபவர்கள் காக்கும் கரைக்குத்தான் நகரத்து மாணவர்கள் ஓர் இரவு வானம் பார்க்க வருகிறார்கள். அந்த வானம் கடன் வாங்கிய வானம் என்ற உணர்வே ஆயத்தத்தின் முதற்படி.

இதிலிருந்து பிறக்கும் முடிவு கடினமானது என்றாலும் தெளிவானது. கூட்டமாக ஆமைகள் முட்டையிடும் கரைகளுக்குப் பிப்ரவரி முதல் மே வரை வானியல் பயணம் மேற்கொள்ளக் கூடாது. வனத்துறை அனுமதி கிடைக்குமா என்பது இரண்டாம் கேள்வி. கிடைத்தாலும் தவிர்ப்பதே நேர்மை. சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். நீண்ட அலைநீள ஒளிக்கு ஆமைக் குஞ்சுகளின் கண் குறைவாகவே வினையாற்றுகிறது என்பது உண்மை. ஆனால், குறைவு என்பது இல்லை என்றாகிவிடாது. மேலும், முப்பது பேர் இருளில் நடக்கும்போது காலடியில் இருப்பது மணலா, முட்டைக் குழியா, ஊரும் குஞ்சா என்று எந்தச் சிவப்பு விளக்கும் உறுதி சொல்லாது. பால்வீதியின் நடுப்பகுதியை உள்நாட்டு மலைகளிலிருந்தும் வயல்வெளிகளிலிருந்தும் பார்க்கலாம். ஆமைக்கு வேறு கரை இல்லை.

கடற்கரைக்குச் செல்ல நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரையிலான காலம் ஏற்றது. அந்த வாரங்களிலும் தனித்து ஓரிரு ஆமைகள் கரையேறலாம் என்பதால் எச்சரிக்கை வேண்டும். கூட்டு முட்டையிடல் நிகழும் பகுதியை விட்டு விலகிய கரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பால்வீதியின் நடுப்பகுதி அப்போது தெரியாது என்பது இழப்புதான். ஆனால் வானம் வெறுமையாகிவிடுவதில்லை. டிசம்பர் முன்னிரவில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 68 பாகை உயரத்தில், வெறுங்கண்ணுக்குப் புகைத்திட்டாகத் தெரியும். அந்த ஒளி ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் உச்சியை நெருங்கும். மிருகசீரிடமும் திருவாதிரையும் கடலிலிருந்து எழும். இரவு முதிர்ந்ததும் தென்வானில் அகத்திய விண்மீன் எழுந்து, நள்ளிரவையொட்டி ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் உச்சங்காணும். டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டி ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தை எட்டும். அதைப் பார்க்கக் கருவியே வேண்டாம், மல்லாந்து படுத்தாலே போதும்.

கருவி குறித்தும் ஒரு சொல். ஒடிசாவின் கண்டபடாவில் 1835இல் பிறந்த சாமந்த சந்திரசேகரர் வெறுங்கண்ணாலும், மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்துகொண்ட கருவிகளாலும் வானத்தை அளந்தவர். கோணங்களை அளக்க அவர் பயன்படுத்திய மான யந்திரம், குறுக்குச் சட்டம் பொருத்திய ஓர் எளிய கோல்தான். அவர் சமஸ்கிருதத்தில் இயற்றிய சித்தாந்த தர்ப்பணம், கட்டாக் ரேவன்ஷா கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராயின் முயற்சியால் 1899இல் கல்கத்தாவில் அச்சேறியது. அவருடைய அளவீடுகளை இன்று வியப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவரிடம் தொலைநோக்கி இல்லை, ஆனால் இருண்ட வானம் இருந்தது. இன்றைய மாணவரிடம் தொலைநோக்கி இருக்கிறது, வானம்தான் இல்லை. இரண்டில் எதை விலை கொடுத்து வாங்க முடியாது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். முதன்முறை செல்லும் குழுவுக்கு 7×50 வகை இருகண் நோக்கி இரண்டோ மூன்றோ போதும். கடற்கரையின் உப்புக்காற்றும் மணலும் நள்ளிரவுக்குப் பின் படியும் பனியீரமும் பெரிய தொலைநோக்கியின் ஆடிகளுக்கு நல்லவையல்ல.

கண்ணே முதற்கருவி என்பதால் அதை ஆயத்தம் செய்வதே முதன்மையான பணி. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் ஓரளவு பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். விழித்திரையின் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மீண்டும் சேர்வதற்கான நேரம் அது. ஒரே ஒரு கைப்பேசித் திரை அந்த அரைமணி நேர உழைப்பை அழித்துவிடும். வெளிச்சம் காட்டியவருக்கு மட்டுமல்லாமல், அருகிலிருக்கும் அனைவருக்கும் அழித்துவிடும். எனவே, கைப்பேசியைப் பையில் வைப்பது தனிமனித ஒழுக்கம் என்பதைவிடக் கூட்டுப் பொறுப்பு. விண்மீன் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லலாம். மங்கிய பொருள்களை நேராக நோக்காமல் சற்றே விலகி நோக்கும் பழக்கத்தை முன்கூட்டியே விடுதி மாடியில் பயிலலாம். வாகனங்களை ஊருக்கு அப்பால் நிறுத்தி, முகப்பு விளக்கை அணைத்து நடந்தே செல்லலாம். கதிரவன் மறைந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கழித்தே வானம் முழுமையாக இருளும். பகல் வெளிச்சத்திலேயே சென்று இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டால் இரவில் விளக்குத் தேவைப்படாது.

கடலைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இருண்ட வானம் வேண்டி அமாவாசையைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆனால் கதிரவனும் நிலவும் ஒரே திசையில் இழுக்கும் அந்நாள்களில்தான் ஓதமும் பெரிதாக எழுகிறது. மாலையில் உலர்ந்து கிடந்த மணல் நள்ளிரவில் நீரடியில் இருக்கலாம். ஓத அட்டவணையைப் பார்ப்பதும், ஈரக்கோட்டுக்கு மேலே இடம் அமைப்பதும், ஊர் மீனவர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்வதும் கட்டாயம். முகத்துவாரத்து மணல்திட்டுகள் ஆண்டுக்காண்டு இடம் மாறுபவை. அங்கே இரவில் நீரில் இறங்குவது ஒருபோதும் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயற்காலம். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகேதான் கரையைக் கடந்தது. வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்காமல் புறப்படும் குழு, வானத்தைப் படிக்கத் தகுதியான குழுவன்று.

நிறுவனங்களின் ஆயத்தமும் இதில் அடங்கும். வானியல் பயணம் என்றவுடன் பெண்கள் விடுதியின் கதவு குறுக்கே நிற்பது இன்றும் பல கல்வி நிறுவனங்களின் நடைமுறை. ஆண்கள் விடுதியைவிட முன்னதாக மூடப்படும் அந்தக் கதவுகளை எதிர்த்துத்தான் 2015இல் தில்லியில் பிஞ்சரா தோட் இயக்கம் எழுந்தது. பாலோமர் வானாய்வகத்தில் முறையான அனுமதியுடன் நோக்கிய முதல் பெண் என்ற நிலையை வேரா ரூபின் 1965இல்தான் அடைந்தார். வானியலுக்கு இரவே ஆய்வகம். ஆய்வகத்துக்குள் நுழையப் பாதி மாணவர்களுக்குத் தடை இருந்தால் அந்தப் பாடத்தை நடத்துவதில் பொருளில்லை. பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானதே. அதற்கு விடை ஆசிரியர்களின் உடனிருப்பும், ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் முன்னறிவிப்பும், முறையான போக்குவரத்தும், கழிப்பறை ஏற்பாடும். பயணத்திலிருந்து மாணவியரை விலக்கிவைப்பது விடையாகாது.

இத்தனை ஒழுக்கமும் ஓர் இரவுக்கானது. கரையின் இருள் எல்லா இரவுகளுக்குமானது. அதைக் குலைப்பவை பெரும்பாலும் மாணவர்களின் டார்ச் விளக்குகளல்ல. 2016இல் வெளியான செயற்கை இரவொளி உலக வரைபடம், மாந்தருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாதவர்கள் என்று கணக்கிட்டது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்இடி தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் மிச்சமானது பெரும் பயன், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெண்மையான எல்இடி ஒளியில் நீலக்கூறு மிகுதி. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறுகிறது. இருளுக்குப் பழகிய கண்ணும் அந்தப் பகுதிக்கே கூடுதலாகக் கூசுகிறது. விளைவு, அதே அளவு வெளிச்சம் முன்பைவிட அதிகமாக வானத்தை வெளுக்கச் செய்கிறது.

ஆலிவ் ரிட்லி ஆமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆமைகள் முட்டையிடும் இடங்களை மிகுந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் இத்தகைய சட்டங்கள் நிலத்தில் கோடு வரைகின்றன. ஒளி கோட்டில் நிற்பதில்லை. மண்டலத்துக்கு வெளியே, சட்டப்படி எந்தத் தவறும் செய்யாமல் நிற்கும் ஓர் உயர்கோபுர விளக்கு, மண்டலத்துக்கு உள்ளே குஞ்சுகளைத் திசைதிருப்பப் போதுமானது. ஆகவே, கரையோரப் பாதுகாப்பு என்பது கட்டடம் எங்கே நிற்கலாம் என்ற கேள்வியோடு, கரையிலிருந்து எந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியலாம் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.

வெளிச்சம் வளர்ச்சியின் அடையாளம், அதைக் குறைக்கக் கோருவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற மறுப்பு எழும். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. தெருவிளக்குக்காகப் பல ஆண்டுகள் மனுக்கொடுத்துக் காத்திருந்த ஊர்கள் ஏராளம். பின்னிரவில் படகேறும் மீனவருக்கும், பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். ஆனால் கோரிக்கை, விளக்கே கூடாது என்பதல்ல. மேற்புறம் மூடிய, கீழ்நோக்கிய, மஞ்சள் சாயல் கொண்ட விளக்கு, நடப்பவரின் பாதையை இப்போதைவிட நன்றாகவே காட்டும். கண் கூசாததால் நிழலில் நிற்பவரும் தெரிவார். வானத்தை நோக்கி வீணாகும் ஒளிக்குச் செலவாவதும் ஊராட்சியின் பணம்தான். உண்மையில், ஊர்மக்களைவிட அதிகம் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள், ஆளில்லாத வளாகங்களில் இரவெல்லாம் வெள்ளொளி பாய்ச்சும் தொழிற்கூடங்களும் விடுதிகளும். கல்வி நிறுவனங்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றிய பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளக்குகளுக்கு மறைப்பும் கட்டுப்பாடும் உண்டு. அதே வேளையில், கிராமத்தினர் தொலைநோக்கிப் பயிற்சி பெற்று, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டி வருவாயும் ஈட்டுகிறார்கள். 2024 ஜனவரியில் மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம், இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது. ஒன்று குளிர்ப்பாலை, மற்றொன்று காடு. அடுத்தது கடற்கரையாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆமைகளுக்காக இருளைக் காக்கும் ஊர்களே அதற்கு முதல் உரிமை கொண்டவை. ஆமை வராத மாதங்களில் வானம் காட்டி அந்த ஊர் இளைஞர்கள் வருவாய் ஈட்ட முடிந்தால், ஏழு மாதத் தடையின் சுமையில் ஒரு சிறு பகுதியேனும் குறையும்.

இதில் பல்கலைக்கழகங்களுக்குச் செய்ய வேண்டிய பணி இருக்கிறது. கரையின் வெவ்வேறு இடங்களில் வானத்தின் வெளுப்பை ஆண்டுதோறும் அளந்து பதிவுசெய்வது ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். 2001இல் ஜான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படி அளவுகோலைக் கொண்டு வெறுங்கண்ணாலேயே அதைத் தொடங்கலாம். இயற்பியல் துறை அளந்த வெளுப்பையும், விலங்கியல் துறை எண்ணிய திசைமாறிய குஞ்சுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், எந்த விளக்கை முதலில் மூட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் சான்றோடு சொல்ல முடியும். வானம் பார்க்கப் போகும் குழு திரும்பி வரும்போது படங்களுடன் ஓர் அளவீட்டையும் கொண்டுவருமானால், அந்தப் பயணம் கடனில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்திவிட்டது என்று பொருள்.

காற்று மாசைக் குறைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆற்றைத் தூய்மையாக்க ஒரு தலைமுறை ஆகலாம். ஒளி மாசு மட்டும் விசையைத் தட்டிய அந்த நொடியிலேயே மறைகிறது. ஆதலால், அடுத்த பயணத்துக்கான பட்டியலில் தரைவிரிப்புக்கும் போர்வைக்கும் மேலே ஒரு வரி சேரட்டும்: புறப்படும் முன் துறைக் கட்டடத்தின் வெளிவிளக்குகளை அணைக்க அனுமதி பெறுக. அதைப் பெற முடியாத மன்றத்துக்கு, நோலியர் ஊரில் போய் இருளைக் கேட்கும் உரிமை இல்லை.